பட்டறைப் பக்கம் திரும்பாத வண்டி

ஐப்பசி, செவ்வாய் இரவு.

காலையிலிருந்து வாசலில் ஒரே இரும்புச் சத்தம். மகன் முருகேசன் மினி லாரியை ஜாக்கியில் தூக்கி வைத்து, தேய்ந்துபோன, சக்கரத்தைத் திருப்பும் டைராடு எண்டையும் முன்பக்க ஸ்பிரிங் பட்டையையும் தானே மாற்றினான். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தால் வண்டி இடப்பக்கமே இழுக்கிறது. ஸ்டியரிங்கை வளைத்துப் பிடித்தால்தான் நேராகப் போகிறது.

"நாளைக்குத் தக்காளி லோடு சேலம் போவணும். அங்க வீல் அலைன்மெண்ட் பாத்துக்கறேன், வுடும்மா" என்கிறான்.

"சேலத்துக்கு முன்னாடி தொப்பூர் மலை எறக்கம் இருக்குதே, அதுல யாருடா புடிச்சு நிறுத்துவா?"

மருமகள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "அதியமான்கோட்டையில உங்க அண்ணன் மவன் லாரிப் பட்டறை இருக்குதுங்க அத்தை. அந்தப் பக்கமே வண்டி திரும்பக்கூடாதுன்னு நீங்கதான் சொல்லிட்டீங்க."

ஆமாம், சொன்னேன். தன் மகள் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கோடு வந்து அழைக்காமல் போனில் பத்திரிகை அனுப்பினவன் அவன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் நேரில் வந்து பத்திரிகை வைத்தான். நான் சொந்த அத்தை.

ஆனால் அந்த இறக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும் லாரிகளைப் பஸ்ஸிலிருந்து எத்தனை முறை பார்த்திருக்கிறேன். சோறு போடும்போது சொல்லிவிட்டேன்.

"காலையில அவன்கிட்டயே காட்டிட்டுப் போ. நான் சொன்னேன்னு சொல்லாத."

சிரிக்கிறான், பாவி.

"டீ குடுத்தா வாங்கிக் குடிக்காத."

"சரிம்மா."

குடிப்பான், எனக்குத் தெரியும். குடித்துத் தொலையட்டும். அந்த இறக்கத்தை மட்டும் நல்லபடியாகத் தாண்டினால் போதும்.