இரண்டு தரம் காய்ச்சிய தண்ணீர்

அடி அண்ணாமலை
12-7-1984

மூன்று ஏக்கர் வேர்க்கடலைக்கும் ஒரு கிணற்றுக்கும் ஏக சக்கரவர்த்தியான உன் தாய்மாமன் நேமிநாதன், சென்னையில் கோடிக்கணக்கான கிருமிகளை மேய்க்கும் அக்கா மகள் சந்தனாவுக்கு ஜினேந்திரர் அருள் வேண்டி எழுதுவது.

உன் கடிதம் வந்தது. நல்லவேளை, தபால்காரர் காசி அதை நீட்டியபோது என் மகள் ராஜமதி கொல்லையில் இருந்தாள்.

என் பேரனின் துக்கத்துக்கு வந்தபோது நீ பாட்டிலில் எடுத்துப்போன கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் ஜாஸ்தி, வயலுக்குப் போட்ட யூரியா இறங்கியது என்கிறாய். இருக்கும். நான் கொட்டிய யூரியாவில் அண்ணாமலையே இரண்டடி வளர்ந்திருக்கும். பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் குடித்துவிட்டு, "தேனாட்டம் இருக்குதுங்க"ன்னு சொன்ன தண்ணீர் அது. பெரியவர்களை ஒன்றும் செய்யாதாம். புட்டிப்பால் குடிக்கிற பிள்ளையைத்தான் நீலமாக்கிக் கொன்றுவிடுமாம்.

மரத்தூள் தொட்டியில் உன் பாக்டீரியாக்களைக் குடிவைத்து வெல்லத் தண்ணீர் ஊட்டினால், நைட்ரேட்டைத் தின்று வெறும் காற்றாக விட்டுவிடும் என்றாயே, கொண்டு வா. எறும்புக்கு வழிவிடும் சமண வம்சம் நாம். உன் விருந்தாளிகளை மேளதாளத்தோடு வரவேற்கிறேன். ஐராவதமே குளிக்கும் அளவுக்குத் தொட்டி கட்டிவிட்டேன். ராஜமதி பார்த்துவிட்டு, "இனிமே எதுக்குப்பா?"ன்னு கேட்டாள். பக்கத்து வீட்டு ஆதிலட்சுமியின் கைக்குழந்தைக்கு என்றேன். அந்தக் குழந்தைக்கு இப்போதைக்கு டவுனிலிருந்து தண்ணீர் கொண்டுவருகிறேன்.

உன் கடிதத்தின் கடைசி வரியை மட்டும் ராஜமதிக்கு வாசிக்கவில்லை. காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடும் என்ற வரி.

வடிகட்டிக் காய்ச்சாத தண்ணீரை நம் வீட்டில் யாரும் தொடுவதில்லை. பேரனுக்கு அது போதாது என்று, "ராஜகுமாரனுக்கு ரெண்டு தரம் காய்ச்சும்மா, பாதியா சுண்டட்டும்"னு உத்தரவு போட்டவன் இந்தச் சக்கரவர்த்திதான். தாய்ப்பால் வற்றியதிலிருந்து நாற்பது நாள் அப்படியேதான் செய்தாள். இப்போதும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் காய்ச்சியிருக்கணும்ப்பா"ங்கறாள்.

நீ வந்தால் உன்னைத்தான் கேட்பாள், சந்தனா. யூரியாவைச் சொல். கிணற்றைச் சொல். மாமன்தான் காரணம் என்று சொல், தலைகுனிந்து நிற்கிறேன். காய்ச்சியதை மட்டும் சொல்லாதே. ஆயுசெல்லாம் பொய்யளந்த எனக்கு இந்த ஒரு பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை. "நீ நல்லாத்தான் காய்ச்சின, ராஜமதி"ன்னு நீ சொல்லிவிடு.

நீ நூறு வயசு நல்லாயிருப்பாய். சீக்கிரம் வா.

உன் மாமன்,
நேமிநாதன்