அறுந்த கயிறும் காதரின் தராசும்

1967 பிப்ரவரி 6, திங்கள்
மரத் தெப்பத்தை இழுத்த கயிறு என் முடிச்சால்தான் அறுந்தது என்று ஓவர்சியர் எழுதிவிட்டார். பொய். முடிச்சு மரத்தில் அப்படியே இருக்கிறது. கயிறு நடுவில் அறுந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். போடாவிட்டால் தெப்பம் கட்டும் வேலையிலிருந்து தூக்கி, டிப்போவில் மரத்துக்கு நம்பர் குத்த அனுப்புவாராம்.

கயிறு அறுந்த சனிக்கிழமை, தீவுக்கு மெயின்லேண்ட் கப்பல் வரும் நாள். அவருக்குக் கடிதம் வரவேண்டும். தெப்பத்தை இழுக்கும் லாஞ்சில் நின்றுகொண்டு, அதை ஓட்டும் சராங்கை விரட்டினார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகம். தெப்பத்தின் மேலிருந்து நான் கத்தியதை யார் கேட்டார்கள்?

இன்று சொல்கிறார்: "தரையில மரம் இழுத்ததில்லையா மேஸ்திரி? மெதுவா இழு, வேகமா இழு, கயித்துக்கு ஒரே பாரம்தான்."

நல்ல வெயில். கடலில் அலையே இல்லை. வேட்டி இரண்டும் துவைத்தாயிற்று.

7, செவ்வாய்
பழைய பௌதிகப் புத்தகத்தில் உராய்வுப் பாடம். மூன்று முறை படித்தேன். தரைக்கு அவர் சொன்னது சரி. எரிச்சல். தண்ணீரைப் பற்றிய பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. பரவாயில்லை. தண்ணீர் இங்கேயே இருக்கிறதே.

கருவாட்டுக் கடை காதரிடம் ஸ்பிரிங் தராசு கேட்டேன். தானும் கூட வருவேன் என்கிறான்.

8, புதன்
காலையில் ஜெட்டி. கயிற்றுக்கு நடுவே தராசு.

முதலில் பலகைத் தளத்தில், ரயில் பாதைக்குப் போடும் சிலிப்பர் கட்டை. மெதுவாக இழுத்தால் எட்டு கிலோ. வேகமாகவும் எட்டு. ஒருக்களித்துப் போட்டு இழுத்தேன். அதுவும் எட்டு! அகலம் குறைந்தால் உராய்வு குறையும் என்று இருபது வருஷமாக ஆட்களைத் திட்டித் திட்டிக் கட்டையைப் புரட்ட வைத்திருக்கிறேன். கருமம்.

பிறகு கட்டை தண்ணீரில், நான் ஜெட்டியின் மேல். அறுபது எண்ணுவதற்குள் கடைசிவரை நடந்தேன். அரை கிலோ. முப்பது எண்ணுவதற்குள் அதே தூரம், பாதி ஓட்டம். இரண்டு கிலோ. மூன்று தடவை பார்த்தாயிற்று.

காதர்: "அண்ணே, கட்டைக்கு மூக்கணாங்கயிறு போட்டு எங்க ஓட்டிட்டுப் போறீங்க? இந்த வயசுல ஒரு மாடு வாங்கிக்கலாம்ல?"

சராங்கு பார்த்துக்கொண்டே நின்றான். "என் பேரு எழுதாதீங்க மேஸ்திரி. ஓவர்சியர் சாப் ஜல்தி ஜல்தின்னு விரட்டினாரு, நான் வேகமா விட்டேன்."

முழங்கால் வலி. மனம் நன்றாக இருக்கிறது. மத்தியானம் சூரை மீன் குழம்பு.

9, வியாழன்
ஓவர்சியர் வந்தார். கட்டையை அவரையே இழுக்கச் சொன்னேன். முதலில் நடந்தார். பிறகு பூட்ஸைக் கழற்றிவிட்டு ஓடினார்.

"காதர் பாய், முள் எங்க நிக்குது?"

"ரெண்டு கிலோ சார். நடந்தப்ப அரை. கருவாட்டுக்கே பொய் சொல்லாத தராசு, கட்டைக்கா சொல்லப்போகுது?"

"அப்போ வேகம் ரெண்டு மடங்குன்னா இழுப்பு..."

"நாலு மடங்கு. கயிறு நாலைத் தாங்காது, என் முடிச்சு தாங்கிச்சு" என்றேன்.

இன்னொரு தடவை ஓடிப் பார்த்தார். நான் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்த ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

10, வெள்ளி
லேசான தூறல். செய்யவேண்டியவை:
ஓவர்சியர்: "முடிச்சு" என்பதை அடித்து "வேகம்" என்று எழுதவேண்டும். தன் கையால். அதன் பிறகுதான் என் கையெழுத்து.
சராங்கு: கப்பல் நாளானாலும் பழைய வேகம்தான். யார் விரட்டினாலும்.
டிப்போ: புதுக் கயிறு, இந்த வாரமே.
காதர்: தராசை இப்போதைக்குத் திரும்பக் கேட்கக்கூடாது.
நான்: கட்டையை இனிப் புரட்டவேண்டாம் என்று ஆட்களிடம் சொல்லவேண்டும். ஓவர்சியர் எழுதிய பிறகு.