எதிர்த் தட்டு

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் கடிதம். என் குடல் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். "உடம்புல சத்தே இல்லம்மா. இப்ப கத்தி வெச்சா தையல் சேராது. நல்லா சாப்பிட்டு எடை ஏறட்டும்" என்றார் டாக்டர். முட்டை, பருப்பு, பால், மீன். நான் படித்த கான்வென்ட் விடுதியில் தட்டில் மிச்சம் வைத்தால் மதர் எழவே விடமாட்டார். எனக்கா சாப்பிடச் சொல்லித்தர வேண்டும்?

உன் அப்பா போன பிறகும் எதிரில் அவருக்கு ஒரு தட்டு வைத்துப் பாதியைப் பரிமாறிவிட்டுத்தான் உண்கிறேன். இப்போதெல்லாம் நான் கை கழுவி வருவதற்குள் அது காலியாகிவிடுகிறது. பயப்படாதே, என் புத்தி தெளிவாகவே இருக்கிறது.

அம்மா

மார்ச் 12

அம்மா,

பூனையாக இருக்கும். சன்னலைச் சாத்துங்கள். உங்கள் எடை இன்னும் இறங்கியிருக்கிறது என்கிறார் டாக்டர். பாதிச் சாப்பாட்டில் எப்படி ஏறும்? அப்பாவுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். இன்று ஆபரேஷன், நாளை ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றோடு போட்டு வைத்திருந்தார்கள். கடைசியில் காயம் ஆறவே இல்லை. எனக்கென்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். அந்தத் தட்டை எடுத்துவிடுங்கள்.

உங்கள் வாயாடி

மார்ச் 23

அன்பு மகளே,

சன்னல்கள் சாத்தியே இருக்கின்றன.

நீ சொன்னபடி ஒரே தட்டு வைத்தேன். தண்ணீர் எடுக்கத் திரும்பியபோது என் முட்டையில் பாதி போயிருந்தது. எதிரில் மெல்லும் சத்தம். பசித்தவர் அவசரமாக மெல்லும் சத்தம்.

மறுபடி இரண்டு தட்டு வைத்து, எதிர் நாற்காலியைப் பார்த்துக் கேட்டேன்: "ஏங்க, உங்களைப் பட்டினி போட்டு அனுப்பிட்டாங்க. பசி அடங்கல, புரியுது. ஆனா நான் இப்படியே இளைச்சு ஆபரேஷனுக்குப் போனா எழுந்திருக்க மாட்டேன். அதுக்காகத்தான் உட்கார்ந்திருக்கீங்களா?"

சத்தம் நின்றது. பிறகு அவர் தட்டு மேசையில் உரசிக்கொண்டு என் பக்கம் வந்தது.

அம்மா

ஏப்ரல் 19

அன்பு மகளே,

எடை ஏறிவிட்டது. திங்கட்கிழமை ஆபரேஷன். "என்னம்மா, ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேலி செய்தார். ஆமாம் என்றேன். தினமும் அவர் தட்டு நிறைந்தபடியே என்னிடம் வந்துகொண்டிருந்தது.

நேற்று வரவில்லை. பரிமாறியது அங்கேயே ஆறிக் கிடந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். உன் அப்பா ஒரு நாளாவது சாப்பிட்டு எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளியிருக்கிறாரா? ஆயுள் முழுக்க அதற்காகச் சண்டை போட்டேன். நேற்று அது ஒழுங்காக மேசைக்கடியில் தள்ளியிருந்தது.

அதை வெளியே இழுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

அம்மா