நான் துடைத்த கரி

என் அருமைக் கழுதைத் தம்பி முருகேசுவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. முதலில் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நம் தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்கு நீ செய்துகொண்டிருந்த மாரியம்மன் சிலைக்கு வரைந்து வைத்த முகப் படத்தை நான் துடைத்துவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லையடா. ஆடிப் பூசைக்கு வீடு கழுவும்போது உன் தகரப் பெட்டியைத் திறந்தேன். எட்டுத் தாள். மற்றதெல்லாம் கோடு கோடாக இருக்க, முகத் தாளில் மட்டும் கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும் கரி அப்பியிருந்தது. லயத்து வீட்டில் எதில்தான் அடுப்புக்கரி படியவில்லை? பாண் ரொட்டித் துண்டால் மெல்ல ஒற்றி எடுத்தேன். நீ அழிப்பதும் அப்படித்தானே? தின்கிற பாணைத் தேய்க்கிறாயே என்று எத்தனை நாள் உன்னைத் திட்டியிருக்கிறேன்! தாள் பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் உன் சிங்களக் கூட்டாளி பியல், றக்வானை ஊரிலிருந்து பஸ்ஸில் வந்தான். உன்னோடு பத்து வருஷம் சிமெண்ட் குழைத்தவன் அல்லவா, சிலையின் உடம்பை அவனே முடித்துவிட்டான். முகம்தான் பாக்கி. தாளை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“அனே அக்கே, கறுப்பு எங்க?”

“அழுக்கா இருந்துச்சு, தொடச்சிட்டேன்.”

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். “அது அழுக்கு இல்ல அக்கே. முருகேசு கறுப்பு பூசுன எடம் பள்ளம், அங்க நான் சிமெண்ட் கரண்டிய உள்ள விடுவேன். வெள்ளையா விட்டா மேடு. உடம்புக்குக் கோடு போதும். மொகத்துக்கு வெறும் கோட்ட வச்சு நான் என்னா பண்றது?”

கும்பாபிஷேகத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கரி என்றால் நமக்கு அடுப்புதானே ஞாபகம் வரும்? கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையில் மிலாறுக் குச்சி பொறுக்கி, படம் போட நீயே சுட்டு வைத்த கரி அது. ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா நீ?

பியல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கோட்டுலயும் பிழை இருக்கு அக்கே. மூக்கு நேரா வரல்ல, நடுவுல வளையுது. நோயில கை நடுங்கிருச்சோ?”

வாங்கிப் பார்த்தேன். உன் கை நடுங்கவில்லை. எனக்கு ஒன்பது வயதில், ரோட்டு வளைவில் நீ தள்ளி, கல்லில் விழுந்து உடைத்துக்கொண்ட என் மூக்கு அது. வளைவு இருக்கும் இடத்தில் கோட்டை அழுத்தி இரண்டு தரம் இழுத்திருக்கிறாய். படுபாவி! படுக்கையில் கிடந்துகொண்டு, கஞ்சி கொண்டு வந்த என்னையா பார்த்து வரைந்தாய்? பியல் முன்னாலேயே அழுதேன்.

அவன் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தான். “வாங்க அக்கே, கதவுகிட்ட உக்காருங்க.”

காய்ச்சல் என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு, மூன்று நாள் காலையில் கொழுந்தெடுக்கப் போகாமல் உட்கார்ந்தேன். என் முகத்தில் நிழல் விழுந்த இடமெல்லாம் பார்த்துப் பார்த்து உன் கரியையே எடுத்து அவன் தாளில் பூசினான். கண்ணுக்குக் கீழே இவ்வளவு பள்ளமா என்று கேட்டேன். “இருக்கிறதத்தானே போடணும்,” என்றான். அம்மனுக்கு ஐம்பது வயதாகிவிடுமே என்று எனக்குப் பயம். நீ கொஞ்சம் மறைத்திருந்தாயோ, இல்லை நீயும் இருப்பதைத்தான் போட்டிருந்தாயோ? நான்தான் துடைத்துவிட்டேனே, இனி யாரைக் கேட்பது?

சிலையில் முகம் முடிந்துவிட்டது. நேற்றுக் கோயில் தலைவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “எல்லாம் நல்லாதான் இருக்கு. அந்த மூக்க மட்டும் கொஞ்சம் நேராக்கச் சொல்லுங்க,” என்றார்.

“முடியாதுங்க,” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மீதி ஏழு தாளும் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. பாண் அந்தப் பக்கமே போகாது. மூக்கில் கை வைக்க எவனையும் விடமாட்டேன், இது சத்தியம். அம்மனுக்கு ஏன் மூக்கு வளைந்திருக்கிறது என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வேன்: என் தம்பி தள்ளிவிட்டான்.

நீ தள்ளிவிட்ட உன் அக்கா,
பாக்கியம்