பால் காய்ந்த கை

கால்விரல் இடுக்கில் வந்த புண்ணுக்கு இன்று காலை தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் ஒரு டப்பா கந்தகக் களிம்பு கொடுத்தார். மூடியைத் திறந்ததும் உன் ஞாபகம் வந்தது. உடம்பில் அழுக்கு ஒட்டவிடாதவன் நீ. இந்த நாற்றத்தில்தானா வந்து நிற்க வேண்டும்?

லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அடுத்தடுத்த நிரைகளில் கித்தா மரத்தில் பால் வெட்டினோம். லயத்து வீட்டு வரிசையிலும் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். வேலை முடிந்தால் மற்றவர்கள் கையில் காய்ந்த பாலை நடந்துகொண்டே உரித்து எறிவார்கள். ரோமத்தோடு தோலும் கொஞ்சம் வரும். நீ மட்டும் இடுப்பில் ஒரு குப்பி தேங்காய் எண்ணெய் வைத்திருப்பாய். பால் காய்வதற்குள் எண்ணெய் தடவித் துடைத்து, கிணற்றடியில் முழங்கை வரை சவுக்காரம் போட்டு, விரல் இடுக்கெல்லாம் ஈரம் போக ஒற்றி எடுப்பாய். உன் துண்டை யாரும் தொடக்கூடாது. "மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் போறாருடா" என்று கேலி செய்வோம். "தோலு ஒண்ணுதான்டா குடுத்திருக்கான். மாத்திப் போட வேற கெடையாது" என்பாய்.

அப்படிப்பட்டவன் ஒருமுறை ஒரு வாரமாக இடது கையைக் கழுவவில்லை. பால் காய்ந்து கறுத்துப் பட்டையாகியிருந்தது. ஓர் ஓரம் உரிந்தபோது அடியில் வெளிறிய திட்டு தெரிந்தது. வெளிறிய திட்டு என்றால் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான், பெருவியாதி. கண்டுபிடித்தால் கொண்டுபோய் அந்த நோயாளிகளை அடைத்து வைக்கும் இடத்தில் விட்டுவிடுவார்கள். போனவர் திரும்பி வந்து நாம் பார்த்ததில்லை. உன் மனைவி அப்போது மாசமாக இருந்தாள்.

நான் டிரெசரிடம் போய்ச் சொன்னேன். உன் நன்மைக்குத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மறுபாதி, சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த என் இரண்டு பிள்ளைகள்.

மறுநாள் காலை பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும்போது, எல்லோர் முன்னாலும் அவர் உன்னைக் கூப்பிட்டார். அப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவில்லை. எண்ணெய் ஊற்றிப் பட்டையை எடுத்தார். திட்டைச் சுற்றித் தோல் வெந்து சிவந்திருந்தது. பெருவியாதி என்றால் அந்த இடத்தில் உணர்ச்சி இருக்காதாம். கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கோழி இறகால் தொட்டார்.

"படுதா?"

நீ கண்ணை இன்னும் இறுக்கி மூடினாய். பக்கத்தில் நின்றவர்கள் தள்ளி நின்றார்கள். நானும்தான்.

"படுதாய்யா?"

"கூசுதுங்க."

"தேமல்தான்யா இது! கழுவுற கையைப் பாலைப் போட்டு மூடிப் புண்ணாக்கி வச்சிருக்கே" என்று திட்டி, இதே களிம்பைத்தான் கொடுத்தார்.

கண்ணைத் திறந்ததும் நேராக என்னைத்தான் பார்த்தாய். யார் சொன்னது என்று உனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நிரைக்குப் போகிற வழியில், "எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றாய். 

கை ஆறியபின் தினமும் பெரட்டுக்கு முன்னால் சட்டைக் கையைச் சுருட்டி இடது கையை என் முகத்துக்கு நேரே நீட்டுவாய். "பாத்துக்க." சிரித்துக்கொண்டேதான் சொல்வாய். பத்து வருஷம் சொன்னாய். கேலியா, தண்டனையா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. இங்கே உனக்கு வயதுவந்த ஆண் உறவு இல்லாததால் குளிப்பாட்ட என்னைக் கூப்பிட்டார்கள். எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, விரல் இடுக்கெல்லாம் ஒற்றி எடுத்தேன். இடது கையை மட்டும் பார்க்காமலேயே கழுவினேன்.

இப்போதெல்லாம் யார் உடம்பில் எதைக் கண்டாலும் முதலில் அவர்களிடமே கேட்கிறேன். உன்னைத் தவிர எல்லோரிடமும் கேட்டாயிற்று.