ஒரே மகனின் கல்

கோம்சில் கிராமம்
12 மார்ச் 2011

தம்பி சோங்யுனுக்கு,

குடும்பப் பதிவேட்டைப் புதிதாக எழுதினார்களே, போர் நின்ற வருஷம் அது. வெள்ளம் பாலத்தை இழுத்துக்கொண்டு போனதும், உங்கள் மாடு இரட்டைக் கன்று போட்டதும் அதே வருஷம்தான். உனக்குப் பத்து வயது, எனக்குப் பதினேழு. எனக்கு எழுதத் தெரியாது. தபால் நிலையத்து அம்மாள் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். எனக்கு மறக்கவும் தெரியாது.

குலத்து மேட்டில் உன் பெருமை சொல்ல நினைவுக்கல் நடப்போகிறார்களாம். சம்மதம் சொல்லி எல்லா வீட்டு முத்திரையும் விழுந்தாயிற்று, என்னுடையது மட்டும் பாக்கி. கல்லில் வரப்போவதை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "நான்கு நாடுகளில் தூதர். ஹ்வாங் தேஷிக்கின் ஒரே மகன்."

ஒரே மகனா? அப்படியானால் உன்னைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்த மான்சிக் யார்? உன் கூடப்பிறந்த அண்ணன் பெயர் இல்லாத கல்லுக்கு என் முத்திரை கிடையாது.

தோக்போ

சியோல்
20 மார்ச் 2011

மதிப்பிற்குரிய பெரியப்பா மகன் தோக்போ அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். குடும்பப் பதிவேட்டின்படி மான்சிக் தங்கள் தந்தையின் மகன். என் தந்தைக்கு நான் ஒருவனே. முப்பத்தைந்து ஆண்டு அரசுப் பணியில் ஆவணத்துக்கு மாறாக ஒரு வரி எழுதியவனல்ல நான். முதுமையில் நினைவு தடுமாறுவது இயல்பு. அதை ஊர் முன் காட்டிக்கொள்ள வேண்டாம். திறப்பு நாளில் கல்லின் வாசகத்தை நானே உரக்க வாசிக்க இருக்கிறேன். இம்மாதத்துக்குள் முத்திரை இடுக. உடல் பலத்துக்கு ஜின்செங் வேர்ப் பெட்டி ஒன்று அனுப்பியுள்ளேன்.

ஹ்வாங் சோங்யுன்
முன்னாள் தூதர்

கோம்சில்
29 மார்ச் 2011

தம்பி,

பெட்டியை வந்த வழியே அனுப்பிவிட்டேன். என் நினைவா தடுமாறுகிறது? கேள்.

போரில் அலுவலகம் எரிந்து பழைய பதிவேடு சாம்பலானது. வீட்டுக்கு வீடு வாயால் சொல்ல, குமாஸ்தா புதிதாக எழுதினார். மான்சிக் போரில் கம்யூனிஸ்டுகளோடு வடக்கே போனவன். அவன் உங்கள் ஏட்டில் இருந்தால் நீ அரசாங்க வாசற்படி மிதித்திருக்க முடியாது. குமாஸ்தா எங்கள் வீட்டுக்கு வந்த அன்று உன் அப்பா ஒரு சேவலும் ஒரு குடம் அரிசிக் கள்ளும் கொண்டுவந்து என் அப்பா முன் மண்டியிட்டார்.

"அண்ணே, சின்னவன் கெட்டிக்காரன். பெரியவன உன் புள்ளைனு சொல்லிடு. உன் வீட்டுல யாரு பரீட்சை எழுதப் போறாங்க?"

"இந்தத் தடியன் எங்க எழுதப் போறான்!" என்று என்னைக் காட்டிச் சிரித்துவிட்டு அப்பா முத்திரை குத்தினார்.

அதற்கப்புறம் போலீஸ்காரர் மாதாமாதம் விசாரிக்க வந்து செருப்பைக் கழற்றியது எங்கள் வாசலில். என் தம்பி யுன்போவை ரயில்வேயில் எடுக்கவில்லை. "உன் அண்ணன் வடக்கே இருக்கானாமே, போ போ." நீ தேர்வில் ஜெயித்ததற்கு ஊர் எல்லையில் வாழ்த்துத் துணி கட்டினார்களே, கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தவன் யுன்போ.

இந்தக் கடிதத்தோடு முத்திரை வருகிறது. நான் இளகிவிட்டேன் என்று நினைக்காதே. குத்தச் சொன்னவள் வேறொருத்தி. "கல்லு நிக்கட்டும்டா. ஒரே மகன்னு அவன் என் மூஞ்சியப் பாத்து வாசிக்கட்டும்" என்றாள். முன்வரிசையில் அவளுக்கு நாற்காலி போடச் சொல்.

அன்று அந்த அறையில் இருந்தவர்களில் உன் அப்பா இல்லை. என் அப்பா இல்லை. குமாஸ்தாவும் போய்விட்டார். நான் உளறுகிற கிழவன், என்னைக் கழித்துவிடு. கதவோரம் உட்கார்ந்து அந்தச் சேவலின் இறகைப் பிய்த்தவள், எண்பத்திரண்டு வயதிலும், இன்னும் திரும்பாத புருஷனுக்கென்று ஒரு கிண்ணம் சோறு எடுத்துவைப்பவள், உயிரோடுதான் இருக்கிறாள். மான்சிக்கின் பெண்டாட்டி, புன்யே அண்ணி.