குதிகால் கியர்

மார்ச் 14, சனிக்கிழமை, மாலை ஐந்தே கால். பார்த்த வண்டிகள் ஐந்து, ஓட்டிப் பார்த்தவை இரண்டு, வாங்கியது ஒன்று.

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம். நேற்று நீ போன் செய்தபோது நான் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "அவன் கால் எப்படி இருக்கு?" என்று நீ கேட்டது எனக்கே கேட்டது. காலை வைத்திருக்கிறவனிடமே கேட்டிருக்கலாம். நாம் வண்டியோடு விழுந்த நாளிலிருந்து நீ என்னிடம் நேராகப் பேசுவதில்லை. நடுவில் அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் அலுத்துவிட்டது, எனக்கும்தான்.

எனவே கால் பற்றி நானே எழுதுகிறேன். இடது கணுக்காலில் வைத்த தகடு நன்றாகப் பிடித்துவிட்டது. வலி இல்லை. பாதத்தைக் கீழே அழுத்த முடிகிறது. விரல் பக்கத்தை மேலே தூக்கத்தான் வரவில்லை. இனியும் வராது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். சுற்றி வளைக்காததற்கு நன்றி சொன்னேன். அவர்தான் சங்கடப்பட்டார்.

இனி வண்டி விஷயம். தொழிற்சாலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது. இரண்டாவது பஸ் தனக்குத் தோன்றினால் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போக்கிடம் இல்லாமல் மிக்ஸியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஞாயிறு அம்மா அதை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, "போய் ஒரு வண்டிய வாங்கித் தொலைடா, வீட்டுல ஒரு சாமான் உருப்படியா இருக்கட்டும்" என்றாள். விழுந்ததற்குப் பிறகு வண்டி என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டது அன்றுதான்.

பெரிய இன்ஜின் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினமும் நெரிசலில் நுழைய வேண்டும், வார இறுதியில் அணைக்கட்டு வரை மூச்சு வாங்காமல் ஏற வேண்டும். வட்ட விளக்கு, உருண்டை டேங்க், தட்டையான சீட் என்று அந்தக் காலத்து உருவத்தில் இப்போது சின்ன வண்டிகள் நிறைய வருகின்றன. எடை, சீட் உயரம், இழுவைத் திறன், மைலேஜ் எல்லாம் போட்டு மதிப்பெண் அட்டவணை தயாரித்தேன். அதில் ஒரு வண்டிக்கு மூன்று மதிப்பெண் குறைத்தேன். கியர் லிவர் பின்பக்கமும் நீண்டு, குதிகாலால் மிதிக்க ஒரு பலகை வைத்திருந்தார்கள். பார்க்கக் கிழட்டுத்தனமாக இருந்தது. ஒருவேளை இதை வாங்க நேர்ந்தால் அந்தப் பலகையை அறுத்து எறிய வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினேன்.

முதல் இடம் பிடித்த வண்டியை இன்று காலை ஓட்டக் கேட்டேன். அம்மாவும் கூட வந்தாள். முதல் கியரை அழுத்திக் கிளம்பிவிட்டேன். இரண்டாவதற்கு லிவரை விரலால் மேலே தூக்க வேண்டும். தூக்கினேன். பாதம் அசையவில்லை. இன்னொரு முறை. இல்லை. ஷோரூமைச் சுற்றி ஒரு முழு வட்டமும் முதல் கியரிலேயே, இன்ஜின் அலற அலற வந்து சேர்ந்தேன். "நடந்து வந்திருந்தா முன்னாடியே வந்திருப்பீங்க சார்" என்றாள் விற்பனைப் பெண். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பெண் உடனே தண்ணீர் கொண்டு வரப் போய்விட்டாள்.

பம்புக்கும் மோட்டாருக்கும் நாள் முழுக்கத் தாங்குதிறன் கணக்குப் போடுகிறவன் நான். ஐந்து வண்டியை அக்குவேறு ஆணிவேறாக அலசினேன், ஓட்டுகிறவன் காலை அட்டவணையில் சேர்க்கவில்லை. இந்த மடத்தனத்தை என்னைத் தவிர வேறு எவனும் செய்யமாட்டான். இனி வாழ்நாள் முழுக்கப் பஸ்தான் என்று ஷோரூம் நாற்காலியில் உட்கார்ந்தபோது நினைத்தேன். உனக்கு இதை எப்படித் தெரியாமல் வைத்துக்கொள்வது என்றும் யோசித்தேன்.

அப்போதுதான் எதிரே நின்ற வண்டியில் அந்தக் கிழட்டுப் பலகை கண்ணில் பட்டது. முன்பக்கம் விரலால் அழுத்தினால் கியர் குறையும், பின்பக்கம் குதிகாலால் அழுத்தினால் கூடும். எதையும் மேலே தூக்க வேண்டாம். இரண்டுமே அழுத்தல். என் கால் செய்கிற ஒரே வேலை.

எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு விழுந்தது. மூன்று விழுந்தது. நான்கில் பெரிய சாலைக்கே போய்விட்டேன், அனுமதி கேட்கவில்லை. திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் அம்மா, "வாய மூடுடா, ஈ புகுந்துரப் போகுது" என்றாள். அவள் முந்தானை ஈரமாக இருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. பிறகு சீட்டைத் தடவிப் பார்த்து, "ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம்" என்றாள். அப்போது இருவரும் யாரை நினைத்தோம் என்று உனக்குத் தெரியும்.

அண்ணா, அந்த வளைவில் டீசல் கொட்டிக் கிடந்தது. உன் தோளுக்கு மேலாக நானும் சாலையைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். எனக்கும் அது கண்ணில் படவில்லை. நீ கேட்கவில்லை, ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பாதி வேகத்தில் வந்திருந்தாலும் சறுக்கியிருப்போம். ஆறுதலுக்காகக் கணக்கை மாற்றி எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ அங்கே வண்டியைத் தொடுவதே இல்லை, வேலைக்கு நடந்தே போகிறாய் என்று அம்மா சொன்னாள். நடப்பது உடம்புக்கு நல்லது. நீ உடம்புக்காக நடக்கவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. செவ்வாய்க்கிழமை வண்டி கைக்கு வரும். முதல் சில வாரங்கள் வேலைக்கு மட்டும் ஓட்டுவேன்.

2. முதல் சர்வீஸ் முடியும்வரை ஐம்பதைத் தாண்டமாட்டேன். அம்மா இந்தக் கடிதத்தைப் படிப்பாள் என்பதற்காக எழுதவில்லை.

3. அடுத்த மாதக் கடைசி சனிக்கிழமை காலை ரயில் நிலைய வாசலில் நிற்பேன். லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லாதே. சொல்வதானால் என்னிடம் சொல்.

4. நீ வந்ததும் சாவியை உன் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்காருவேன். எந்த வழி, என்ன வேகம் என்பதெல்லாம் உன் இஷ்டம். எவ்வளவு நேரமானாலும் வாயைத் திறக்கமாட்டேன்.

உன் தம்பி